இருநூற்றுப் பதினெட்டு

மஃப்ரக்கில், டயர் கடைக்கு மேலே
இரண்டே அறை எங்கள் சங்கம்.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமினால்
மேலே பேரேட்டில் என் எழுத்து நடுங்கும்.

ஜனவரியில் குவைத்திலிருந்து வந்தது லாரி.
முந்நூறு கம்பளிப் போர்வைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு:
'லுல்வா பின்த் ஸாலிமின் ஆன்மா சாந்தியடைய.'
இறக்கி வைத்தவர்கள் டயர் கடைப் பையன்கள்.
கூலி, எதிர்க் கடைக்காரர் கடனுக்குத் தந்த
ஃபலாஃபில் பொட்டலங்கள்.

லுல்வாவின் மகன் அபூ மிஷாரியை
நான் பார்த்ததில்லை.
குரல் மட்டும் தெரியும், வாட்ஸ்அப்பில்,
இரவு பதினொன்றுக்கு மேல்,
பின்னால் ஏசி ஓடும் சத்தத்தோடு:
"மகளே, ஆளுக்கொரு படம்.
போர்வை தெரியணும், முகம் தெரியணும்,
பதாகையில் தாயார் பெயர் தெரியணும்.
உன்னை நம்பாமல் இல்லை.
போன வருஷம் வேறோர் ஊரில்
என் போர்வைகளைச் சந்தையில் விற்றார்களாம்."

இருக்கலாம்.
போர்வையை விற்று கேஸ் வாங்கியவர்களை
எனக்கும் தெரியும்.
பிள்ளைக்குக் குளிரும்போதே பசிக்கவும் செய்யும் என்பதை
எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுத?

அவர் பணத்தில் ஒரு காசும்
வாடகைக்கு ஆகாது, டீசலுக்கு ஆகாது,
சம்பளத்துக்கு ஆகவே ஆகாது.
எல்லாம் ஏழைக்கே.
நான்கு மாதமாய்ச் சம்பளம் காணாத நான்
அதையும் அழகான கையெழுத்தில்
குறித்துவைத்தேன்.

வரிசை தெருமுனை தாண்டியது.
காற்றில் பதாகை படபடத்து
லுல்வா மடிந்து மடிந்து நிமிர்ந்தாள்.
முன்திர் படமெடுத்தான்.
இருநூற்றுப் பதினேழு பேர் நின்றார்கள்,
பார்க்கச் சொன்ன பக்கம் பார்த்தார்கள்.

அடுத்தவள் ரிஹாப்.
தராவில் கணக்கு ஆசிரியை.
"படம் வேண்டாம்.
என்னிடம் படித்த பெண்கள்
இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்" என்றாள்.
கெஞ்சவில்லை. கோபிக்கவும் இல்லை.
வெறுங்கையோடு திரும்பினாள்,
மணி அடித்ததும் வகுப்பைவிட்டுப் போவதுபோல.

ஓடிப்போய்ப் போர்வையை
அவள் தோளில் போட்டுவிட்டு வந்தேன்.
அடையாள அட்டையைக் கழற்றினேன்.
முக்காட்டை நெற்றிவரை இழுத்தேன்.
வேறொரு போர்வையை ஏந்தி
பதாகைக்குக் கீழே போய் நின்றேன்.
முன்திர் என்னைப் பார்த்தான்.
"எடு" என்றேன்.
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் இரவு குரல் வந்தது.
"மகளே, அந்த இருநூற்றுப் பதினெட்டு.
அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து
சோறு இறங்கவில்லை.
கடைசி மாதம் என் தாய்
அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்குத் தனியாக நூறு தினார் அனுப்புகிறேன்.
அவள் கையிலேயே கொடு. கையெழுத்து வாங்கு."

கொடுத்தவர்: நான்.
பெற்றவர்: நான்.
இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருக்கக்கூடாதென்று
இரண்டாவதை இடக்கையால் போட்டேன்.

ரிஹாபின் அறையில் சுவர் பூசப்படவில்லை.
உடைந்த ஜன்னலுக்குத் திரையாய்த் தொங்கியது போர்வை,
சீட்டோடு.
நடந்ததைச் சொன்னேன்.
முதலில் புரியவில்லை அவளுக்கு.
புரிந்ததும் சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு,
பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
பிறகு நோட்டுகளை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
பாதியை என் பக்கம் தள்ளினாள்.
"எண் என்னுடையது.
துக்கமான முகம் உன்னுடையதுதானே?"

வரும் வழியில்
லாரி ஓட்டிய குசைக்கு டீசல் பாக்கி கொடுத்தேன்,
இருபத்திரண்டு தினார்.
அதைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவதென்று
இன்னும் முடிவாகவில்லை.

அன்றிரவு மறுபடி அபூ மிஷாரி.
இந்த முறை ஏசி சத்தம் இல்லை.
"கொடுத்தாயா? சிரித்தாளா?"

சிரித்தாள் என்று எழுதினேன்.
பொய்யில்லை.